ஹாஜியார் ஏசாத ஒரே ஆள்

சுற்றுநிருபங்களைப் பற்றி நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை, புதிதாக உத்தியோகத்துக்கு வந்திருக்கும் பிள்ளைகளே. அவை உங்கள் மேசைக்கு வந்து குவியும். ஒன்றை வாசித்து முடிக்குமுன் அதைத் திருத்தி இன்னொன்று வரும். சமூக சேவை உத்தியோகத்தராக இந்தக் கரையில் நான் வேலை பார்த்த காலமெல்லாம் அப்படித்தான் போனது. ஓய்வு பெற்று வீட்டில் கிடந்தவளைக் கூப்பிட்டு, தேநீரும் ரோல்ஸும் தந்து, "மிஸ், உங்கட அனுபவத்தைக் கொஞ்சம் சொல்லுங்க" என்று உட்கார வைத்திருக்கிறீர்கள். அனுபவம் என்றால் பெரிய சொல். நான் ஓர் ஏச்சைப் பற்றிச் சொல்கிறேன். என் உத்தியோகத்தில் காதால் கேட்டு நான் சந்தோஷப்பட்ட ஒரே ஏச்சு அதுதான்.

திட்டம் உங்களுக்குத் தெரியும். மாற்றுத்திறனாளி ஒருவரை ஒரு முதலாளி வேலைக்கு எடுத்தால், அவருடைய சம்பளத்தில் ஒரு பங்கைக் கொஞ்சக் காலத்துக்கு அரசாங்கம் தாங்கிக்கொள்ளும். கொழும்பில் இருந்து இதை எழுதியவர்கள், முதலாளிமார் எல்லாரும் கல்நெஞ்சுக்காரர்கள், காசைக் காட்டினால்தான் இளகுவார்கள் என்று நினைத்திருக்க வேண்டும். எனக்குப் புத்தளத்தில் வந்த தொல்லை அதற்கு நேர்மாறு. இங்கே கடைக்குக் கடை இரக்கம் கொட்டிக் கிடக்கிறது. நான் போய் விளக்கி முடிக்குமுன், "ஐயோ பாவம், அவருக்கு என்னத்துக்கு மிஸ் வேலை? மாசாமாசம் வீட்டுக்கு ஏதாவது அனுப்பி வைக்கிறன்" என்பார்கள். கல்நெஞ்சுக்காரனோடு சண்டை பிடிக்கலாம். இப்படிப்பட்ட நல்ல மனுஷரோடு என்னத்தைப் பிடிப்பது? எனக்குத் தலையிடிதான் வரும்.

அப்படிப்பட்ட நல்ல மனுஷர்களில் முதலாவது ஆள் உப்புக் கடை ஹாஜியார். உப்பளங்கள் இருக்கும் களப்புப் பக்கத்தில் அவருக்குப் பெரிய களஞ்சியம். உப்பு வாங்கி, அரைத்து, பொதி செய்து, கற்பிட்டிக்கும் சிலாபத்துக்கும் லொறியில் அனுப்புகிறவர். கை தாராளம், வாய் அதைவிடத் தாராளம். அவர் தொழிலாளரை ஏசினால் தெருமுனையில் த்ரீவீல் நிறுத்தியிருப்பவர்கள், இன்றைக்கு யார் மாட்டினது என்று பந்தயம் கட்டுவார்கள். ஆனால் ஏச்சு வாங்கினவன் மாலையில் அதே ஹாஜியாரோடு நின்று சிரித்துத் தேத்தண்ணி குடிப்பான். அந்தக் கடையை விட்டு ஒருவரும் போனதில்லை.

அவரிடம்தான் பைரூஸைக் கொண்டுபோய்ச் சேர்த்தேன். பைரூஸ் தில்லையடி ஆள், முப்பது வயது சொச்சம், மனைவியும் ஒரு மகளும் இருக்கிறார்கள். லொறியில் உதவியாளாகப் போனவர், கொழும்பு வீதியில் நடந்த விபத்தில் வலது காலை முழங்காலுக்கு மேலே இழந்தார். பொய்க்கால் ஒன்று கிடைத்தது, ஊன்றுகோலும் வைத்திருப்பார். தங்கமான மனுஷன், பொறுமையின் சிகரம் என்றெல்லாம் அவரைப் பற்றி நான் சொல்லமாட்டேன். வாய்க்காரர், முன்கோபி, எடுத்ததற்கெல்லாம் தர்க்கம் பேசுவார். உங்களையும் என்னையும் போல ஒரு சாதாரண ஆள். அதனால்தான் எனக்கு அவரைப் பிடித்தது.

ஹாஜியார் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. "அல்லாஹ்வுக்காக எடுக்கிறன் மிஸ், நாளைக்கே வரச் செல்லுங்க" என்றார். கந்தோரில் என்னோடு வேலை பார்த்த எல்லாரும் என்னைப் புகழ்ந்தார்கள். இது எப்படிப் போகிறது என்று பார்த்துவிட்டுத் தாங்களும் ஆள் எடுப்பதாக வேறு இரண்டு முதலாளிமாரும் சொல்லியிருந்தார்கள்.

கொஞ்சக் காலம் கழித்து எப்படிப் போகிறது என்று பார்க்கப் போனேன். கடைக்குள் நல்ல காற்று வரும் இடத்தில், ஃபேனுக்குக் கீழே, குஷன் வைத்த கதிரை ஒன்று. அதில் பைரூஸ். பக்கத்தில் ஒரு ஸ்டூலில் பிளேன்டீயும் இஞ்சி பிஸ்கட்டும். சுற்றிவர எல்லாரும் வேர்த்து வடிந்துகொண்டு சாக்கு இழுக்கிறார்கள், தைக்கிறார்கள், கணக்குக் கூப்பிடுகிறார்கள்.

"என்ன தம்பி, வேலை எப்படி?" என்றேன்.

"வேலையா? நல்லாத்தான் போகுது மிஸ். காலைல வந்து இரிக்கிற. பகல் சாப்பாடு வரும். மறுகா இரிக்கிற. அஞ்சு மணிக்கு ஹாஜியார் த்ரீவீல்ல ஏத்தி அனுப்புவாரு."

"நீங்க கேட்டு ஏதாவது செய்யிறதுதானே?"

"கேக்காமலா இரிப்பேன்? எழும்பினாலே ஓடி வாராங்க. 'இரிங்க தம்பி, இரிங்க தம்பி.' இந்தக் கடையில எல்லாருக்கும் 'அடே'. எனக்கு மட்டும் 'நீங்க'. எல்லாரும் ஏச்சு வாங்குற. என்ன மட்டும் ஏசமாட்டாரு." குரலைத் தாழ்த்தினார். "ஒரு நாள் வேணுமெண்டே தேத்தண்ணியத் தட்டிக் கணக்குப் புத்தகத்தில ஊத்தினேன் மிஸ். அதுக்கும் துடைச்சிட்டுச் சிரிச்சாரு. மத்தவன் செஞ்சிருந்தா மவுத்தாகியிருப்பான்."

எனக்குச் சிரிப்பு வந்தது. அவருக்கு வரவில்லை. ஹாஜியாரோடு பேசினேன். "அவர் எனக்காகக் கேக்கிற துஆ போதும் மிஸ், வேல என்னத்துக்கு" என்று முடித்துவிட்டார். அடுத்த மாதம் ஆறுதலாகப் பேசித் திருத்தலாம் என்று எழும்பி வந்தேன்.

அடுத்த மாதம் நோன்பு பிறந்தது. நான் மாம்புரியில் பிறந்த வேதக்காரப் பெண், ஞாயிறு பூசைக்குப் போகிறவள். ஆனாலும் புத்தளத்தில் உத்தியோகம் பார்க்கிறவளுக்கு நோன்பு மாதம் தெரியாமல் இருக்குமா? வசதி உள்ள முதலாளிமார் ஏழைகளுக்கு ஸகாத் கொடுக்கும் காலம் அது. ஹாஜியார் கடை வாசலில் வரிசை நிற்கும். ஒவ்வொருவருக்கும் ஒரு சாரமோ சேலையோ, ஓர் என்வலப்பில் காசு. அந்த வருஷம் கொடுத்த அன்றைக்கு ஹாஜியார் தன் கையாலேயே கொடுக்க ஆரம்பித்தவர், வரிசையில் நின்றவர்களை நிறுத்திவிட்டு, உள்ளே திரும்பி, "பைரூஸ் தம்பி, வாங்க, முதல்ல உங்களுக்கு" என்று சத்தமாகக் கூப்பிட்டாராம்.

அன்பு, பிள்ளைகளே. அவ்வளவும் அன்பு. அதை மறந்துவிடாதீர்கள்.

பைரூஸ் எழும்பிப் போய், எல்லாருக்கும் முன்னால், "நான் இங்க வேல செய்ற ஆள் ஹாஜியார். இத ஏலாத ஆக்களுக்குக் குடுங்க" என்று சொல்லிவிட்டு வாசலால் இறங்கி நடந்தாராம். மறுநாள் வேலைக்கு வரவில்லை. அதற்கு அடுத்த நாளும் இல்லை.

ஹாஜியார் எனக்கு ஃபோன் எடுத்தார். அந்தப் பெரிய குரல் உடைந்து போயிருந்தது. "நான் என்ன ஹராமான வேலையா செஞ்சேன் மிஸ்? சனத்துக்கு முன்னால என்ட கையத் தட்டிட்டுப் போறாரே!"

இதோடு முடிந்திருந்தால் ஆறப்போட்டிருக்கலாம். ஆனால் அந்தக் கிழமை கொழும்பிலிருந்து திட்டத்தைப் பார்வையிட ஒருவர் வருவதாக இருந்தது. பணம் கொடுக்கும் இடத்தில் ஆள் உண்மையாகவே வேலை செய்கிறாரா என்று பார்க்க. கதிரை காலியாக இருந்தால் பைரூஸின் இடம் போகும். பார்த்துக்கொண்டிருக்கும் மற்ற இரண்டு முதலாளிமாரும் கையை விரிப்பார்கள். என் மேலதிகாரி நல்ல மனுஷர், அவருக்கும் அவசரம். "எப்படியாவது அந்த ஒரு நாளைக்கு மட்டும் ஆளைக் கொண்டுவந்து கதிரையில இருத்துங்க மிஸ். பிறகு பார்ப்பம்" என்றார்.

அந்த வழி எவ்வளவு சுலபம் என்று நினைத்துப் பாருங்கள். நான் கேட்டால் ஹாஜியார் ஓம் என்பார். கெஞ்சினால் பைரூஸும் வருவார். எனக்கும் அந்த ஆசை வந்தது. ஆனால் அந்தக் கதிரையில் ஆள் இருப்பதுதானே நோய்? அதையே மருந்தென்று எப்படிக் கொடுப்பது? உங்களுக்கும் இப்படி ஒரு நாள் வரும். பார்வையிட வருகிறவருக்காக ஓர் ஆளை அலங்கரித்து வைக்கச் சொல்வார்கள். அந்த நேரம் முதலில் அந்த ஆளின் வீட்டுக்குப் போங்கள். கந்தோரில் இருந்து முடிவெடுக்காதீர்கள்.

நான் தில்லையடிக்குப் போனேன். பைரூஸின் மனைவி வாசலிலேயே பிடித்துக்கொண்டார். "மிஸ், நீங்களாவது அவருக்குப் புத்தி செல்லுங்க. பெருநாள் வருது. ரோசம் சோறு போடுமா?"

உள்ளே இருந்து சத்தம் வந்தது. "இருந்த இடத்தில இருந்து வாங்கினா அது சம்பளமில்ல. அதுவும் ஸகாத்துத்தான்."

"தம்பி, உங்களுக்கு என்னதான் வேணும்? நேரா சொல்லுங்க" என்றேன். வெயிலில் வந்த எரிச்சல் எனக்கு.

அவர் ஊன்றுகோலை எடுத்துக்கொண்டு வாசலுக்கு வந்தார். பிறகு சொன்னார். "பெருநாளைக்கு முந்தி ஃபித்ரா குடுக்கிற தெரியும்தானே மிஸ்? வீட்டில எத்தன பேரோ அத்தன பேருக்கும் அரிசி அளந்து, இல்லாத வீட்டுக்குக் குடுக்கிற. கால் போறதுக்கு முந்தி ஒவ்வொரு வருசமும் நான் குடுத்த. இப்ப எங்கட வீட்டுக்குக் கொண்டு வந்து வைக்கிறாங்க. ஹாஜியார்ட வீட்டிலேருந்தும் வரும். வாசல்ல பையை வெச்சிட்டுப் போறத்த என்ட மகள் பாத்துக்கொண்டு நிப்பா." ஊன்றுகோலைத் தரையில் தட்டினார். "நான் திரும்ப ஃபித்ரா குடுக்கணும். வேல செஞ்ச காசில. அவ்வளவுதான்."

அவருடைய மனைவி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். எனக்கு வெட்கமாகிவிட்டது. இவ்வளவு காலமும் விண்ணப்பத்தில் அவருடைய தேவை என்ன என்ற இடத்தில் நான் 'வேலை' என்று மட்டும்தான் எழுதியிருந்தேன்.

அங்கிருந்து நேரே உப்புக் கடைக்குப் போனேன். ஹாஜியார் நோன்புக் களைப்பில் இருந்தார். நான் தயவுதாட்சண்யம் பார்க்கவில்லை.

"ஹாஜியார், அவருக்கு ஒண்டும் குடுக்காதீங்க."

"என்ன மிஸ் கதைக்கிறீங்க?"

"சாரம், பிஸ்கட், த்ரீவீல், ஒண்டும் வேண்டாம். வேலையைக் குடுங்க. காலையில லொறி ஏத்தி விடுற வேலை இருக்குதானே? எந்த ஓடரை எந்த லொறியில ஏத்துறதெண்டு நிண்டு சொல்லி, ட்ரைவர்மாரோட ஃபோன்ல கதைக்கிற வேலை. பிழை விட்டால் மற்றவங்களை ஏசுற மாதிரி ஏசுங்க."

"ஏலாத மனுசன ஏசுறதா? அல்லாஹ் என்னக் கேக்கமாட்டானா?"

"கால்தானே ஹாஜியார் இல்லை. காது ரெண்டும் நல்லாத்தானே இருக்கு?"

முதலில் முறைத்தார். பிறகு அவருடைய வயிறு குலுங்கத் தொடங்கியது. சிரித்து முடித்து, கண்ணைத் துடைத்துக்கொண்டு, "சரி, வரச் செல்லுங்க. வேல குடுக்கிறன். ஏசுறதுக்கு மட்டும் வாக்குத் தரமாட்டன்" என்றார்.

பைரூஸ் வந்தார். கதிரையைத் தாண்டிப் போய் லொறி நிற்கும் வாசலில் நின்றார். முதல் சில நாட்கள் ஒரு குறையுமில்லாமல் போயின. கொழும்பு உத்தியோகத்தர் வந்த அன்றுதான் எல்லாம் கவிழ்ந்தது.

அவர் சிங்களவர், அமைதியான மனுஷர், கண்ணாடி போட்டவர். சும்மா கிடந்த அந்த ஃபேன் கதிரையில் அவரைத்தான் உட்கார வைத்தோம். நான் பக்கத்தில் நின்று சிங்களத்தில் எல்லாவற்றையும் விளக்கிக்கொண்டிருந்தேன். பைரூஸ் வாசலில் நின்று கொடுத்த சத்தத்தைக் கேட்டு அவரும் தலையாட்டினார். நல்லபடி முடியப் போகிறது என்று நான் மூச்சு விட்ட நேரம் ஹாஜியாரின் ஃபோன் அடித்தது.

மாம்புரிக் கடற்கரையில் மீனை உப்பிட்டுக் கருவாடு போடும் வாடிக்காரர். அவர் போட்ட கூச்சல் ஃபோனுக்கு வெளியே எங்களுக்கும் கேட்டது. காலையில் பிடித்த மீனை வெட்டிப் பரப்பி வைத்திருக்கிறார்கள். கல்லுப்புச் சாக்கு வரும் என்று காத்திருந்தால், வந்த லொறி முழுக்கச் சின்னப் பைகளில் பொதி செய்த தூளுப்பு. அது சிலாபத்துக் கடைகளுக்குப் போக வேண்டியது. கல்லுப்பு அந்த நேரம் சிலாபம் பாதையில் மதுரங்குளியைத் தாண்டிப் போய்க்கொண்டிருந்தது. பைரூஸ் இரண்டு லொறிகளையும் மாற்றி ஏற்றிவிட்டார்.

நான் கடற்கரையில் வளர்ந்தவள். வெட்டிப் பரப்பிய மீன் உப்பில்லாமல் வெயிலில் கிடந்தால் பகலுக்குள் என்ன ஆகும் என்று எனக்கு யாரும் சொல்லத் தேவையில்லை.

ஹாஜியார் ஃபோனை வைத்தார். முகம் சிவந்து, கழுத்து நரம்பு எழும்பி நின்றது. கடையில் தைக்கிறவன் ஊசியோடு நின்றான், சாக்கு இழுத்தவன் சாக்கோடு நின்றான். ஹாஜியார் பைரூஸைப் பார்த்தார். பிறகு கதிரையில் இருந்த கொழும்பு ஐயாவைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அவருடைய முகத்தில் அந்தப் பழைய இரக்கம் மெல்ல வந்து ஏறுவதை நான் கண்டேன். "பரவால்ல தம்பி" என்று அவர் வாய் திறக்கப் போகிறது. அந்த ஒரு சொல் வந்தால் பைரூஸ் திரும்ப அந்தக் கடைப்படி ஏறமாட்டார் என்று எனக்குத் தெரியும்.

ஏசினால்? மாற்றுத்திறனாளியை முதலாளி கண்டபடி திட்டுகிறார் என்று கொழும்பு ஐயா எழுதிக்கொண்டு போவார். திட்டமும் போகும், என் பெயரும் போகும். யோசிக்க நேரமில்லை. நான் சொன்னது இவ்வளவுதான்: "ஹாஜியார், இதை வேற யாராவது செஞ்சிருந்தா என்ன செய்வீங்க?"

அவ்வளவுதான். உடைத்துக்கொண்டு வந்தது.

"அடே பைரூஸ்! உனக்குக் கண்ணு எங்கடா? கல்லுப்புக்கும் தூளுப்புக்கும் வித்தியாசம் தெரியாமலா இவ்வளவு காலமும் உப்புப் போட்டுச் சோறு திண்ட? கருவாட்டுக்காரன் சின்னப் பையை ஒவ்வொண்டாப் பிய்ச்சி மீனுக்குத் தூவுறதா? என்ட பேரக் கடல்ல கரைச்சிட்டியேடா!"

பைரூஸும் திருப்பிக் கத்தினார். "ரெண்டு லொறியும் ஒரே நேரத்தில வந்து நிண்டா நான் என்ன செய்ற? ஒண்ட அங்கால விடச் செல்லி நேத்தே செல்லல்லயா நான்?"

"வாய் வேற! அடே, போய் ஃபோன எடுடா! உப்ப மாத்தாத, லொறிய மாத்து! சிலாபம் போறவனத் திருப்பி மாம்புரிக்கு விடு, மாம்புரில நிக்கிறவன சிலாபத்துக்கு விடு! ஓடு!"

பைரூஸ் ஓடினார். அவர் போன வேகத்துக்கு ஓட்டம் என்றுதான் பெயர். இரண்டு ட்ரைவர்மாரோடும் மாறி மாறிக் கத்தினார். வாடிக்காரரிடம் கெஞ்சி, லொறி வரும்வரை மீனை ஐஸில் போட வைத்தார். கல்லுப்பு லொறி பாலாவிச் சந்தியில் மாம்புரிப் பக்கம் திரும்பிவிட்டது என்று தகவல் வரும்வரை ஹாஜியாரின் வாய் ஓயவில்லை. சாக்கு இழுத்தவன் பைரூஸின் முதுகில் தட்டி, "வா மச்சான், இப்பதான் நீ எங்கட ஆள்" என்றான். பைரூஸின் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். வேர்வை, கோபம், வெட்கம் எல்லாம் இருந்தது. அதற்கு அடியில் ஒரு சிரிப்பு வந்து மாட்டிக்கொண்டு நின்றது.

கொழும்பு ஐயா கதிரையிலிருந்து எழும்பியிருந்தார். "ஒவ்வொரு நாளும் இப்படித்தானா?" என்று என்னிடம் சிங்களத்தில் கேட்டார்.

"மற்றவர்களுக்கு ஒவ்வொரு நாளும், சேர். இவருக்கு இன்றைக்குத்தான் முதல் நாள்" என்றேன்.

அவர் பைரூஸைத் திரும்பிப் பார்த்தார். பிறகு ஃபைலை மூடி, "ஆள் வேலை செய்கிறார்" என்றார். ஹாஜியாரிடம் கை கொடுத்து விடைபெற்றார்.

வேலை வாங்கிக் கொடுத்துவிட்டோம் என்று கந்தோரில் கை தட்டும் நேரம், போன இடத்தில் அந்த ஆளுக்குப் பிழை விட உரிமை இருக்கிறதா என்று போய்ப் பாருங்கள். அங்கே அவரை ஏசுகிறார்களா, அவர் திருப்பிக் கதைக்கிறாரா, யாராவது அவரை மச்சான் என்று கூப்பிடுகிறார்களா என்று பாருங்கள். சக்கர நாற்காலிக்குச் சரிவுப் பாதை கட்டிவிட்டார்களா என்பதை அதற்குப் பிறகு பார்க்கலாம்.

பெருநாளைக்கு முந்திய நாள் பின்னேரம் ஹாஜியார் ஃபோன் எடுத்தார். எடுத்தவுடனேயே கத்தல்.

"மிஸ், உங்கட ஆளுக்கு இப்பதான் நல்லா ஏசி அனுப்பினேன்!"

"ஐயோ, திரும்பவும் லொறியா?"

"லொறி என்ன லொறி! ஒவ்வொரு வருசமும் அனுப்புற மாதிரி எங்கட வீட்டில அவன்ட வீட்டுக்கு ஃபித்ரா அரிசி அனுப்பிட்டாங்க. பழக்கத்தில அனுப்பினது மிஸ். த்ரீவீல் புடிச்சிக் கடைக்கு வாரான், கையில ரெண்டு பை. 'ஹாஜியார், இது நீங்க அனுப்பினது. இது நான் குடுக்கிறது, மூணு பேருக்கும். ரெண்டையும் இல்லாத ஒரு வீட்டுக்கு அனுப்பிடுங்க' எண்டு முன்னால வெக்கிறான்."

"அதுக்கா ஏசினீங்க?"

"பையத் திறந்து பாத்தேன் மிஸ். நான் குடுத்தது நாட்டரிசி. அவன் குடுத்தது கீரிச்சம்பா." ஹாஜியாரின் குரல் ஓரிடத்தில் நின்று, பிறகு வந்தது. "இந்தக் கடைக்கு முதலாளி நான். எனக்கு முன்னால என்ன விட நல்ல அரிசி குடுக்கிறான். என்ட மானத்த வாங்கிட்டான்."

ஃபோனில் கொஞ்ச நேரம் மூக்கை உறிஞ்சும் சத்தம்தான் கேட்டது.

"மிஸ், இரிக்கிறீங்களா?"

"ஓம் ஹாஜியார், இருக்கிறன்."

"பெருநாள் முடிஞ்சி பிந்தி வந்தா ஏசுவேன். அவனுக்குச் செல்லி வைங்க."